வில்லின் முதுகு

அந்த வில்லின் முதுகைச் சுரண்டியவள் நான்தான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. கோவில் தலைவரிடம் சொல்லவில்லை. யாருடைய பெயர் கெட்டுப்போனதோ, அந்த அண்ணனிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ...

சுரண்டியது உண்மை. அதைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் சுரண்டியதால்தான் வில் ஒடிந்ததா? அங்கேதான் தடுமாறுகிறேன். குற்றம் செய்தவளுக்குத் தன் குற்றம் எவ்வளவு பெரியது என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா? எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

கோவிலின் பெயரைச் சொல்ல மாட்டேன். பினாங்கில், சூலியா தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, அது போதும். நவராத்திரி முடிந்து விஜயதசமி அன்று சாமி குதிரை வாகனத்தில் திடலுக்குப் புறப்படும். அங்கே ஒரு வாழை மரம் நட்டிருப்பார்கள். அதுதான் அசுரன். குருக்கள் அதன்மேல் அம்பு விடுவார். வேறு சில இடங்களில் பெயருக்கு ஒரு மூங்கிலை வளைத்து வைத்துக்கொண்டு அம்பைத் தூக்கிப் போடுவதோடு சரி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் கோவிலில் அப்படி இல்லை. அம்பு தண்டில் பாய்ந்து நிற்க வேண்டும்.

ஆகையால் உண்மையான வில் வேண்டும். ஆண்டுதோறும் புதிதாக ஒரு மரத்தை வெட்டி, உலர்த்தி, கையாலேயே செய்ய வேண்டும். செய்பவர் ஒன்பது நாளும் விரதம் இருக்க வேண்டும். கவிச்சி கூடாது, கள் கூடாது. வில்லைப் பெண்கள் தொடக் கூடாது.

நான் சொல்லும் அந்த ஆண்டில், வழக்கமாகச் செய்து வந்தவர் கப்பலேறி நாகப்பட்டினம் போய்விட்டார். அந்தப் பொறுப்பை என் அண்ணன் வேலுவிடம் கொடுத்தார்கள். அண்ணன் மாட்டு வண்டிக்காரன். துறைமுகத்திலிருந்து கிட்டங்கிகளுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவன். ஒரு வண்டிக்காரன் வீட்டுக்குக் கோவில் மரியாதை வந்தது அதுவே முதல் முறை.

எனக்கு அப்போது வயது பதினெட்டு. கிறிஸ்தவக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆங்கிலப் பள்ளியில் படித்து முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அப்பா இறந்தபோது என்னை நிறுத்திவிடலாம் என்றாள் அம்மா. "அவ படிக்கட்டும், நான் வண்டி ஓட்டுறேன்" என்று அண்ணன் சொன்னானாம். எனக்கு அது நினைவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். கேட்கக் கேட்க நன்றி வளர வேண்டும் அல்லவா? எனக்கு வளர்ந்தது கர்வம். படிக்கத் தகுதியானவள் நான்தான் என்பதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன்.

மரம், கொய்யா. ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மூன்று தடிகளைக் கொண்டுவந்தான். வில் செய்வது அவன் தொழில் அல்லவே, அதனால் ஒடித்து ஒடித்துத்தான் கற்றான். முதல் தடி உலரும்போதே பிளந்தது. இரண்டாவது தடியின் முதுகில் கத்தி பட்டுவிட்டது. வளைத்துப் பார்த்தபோது சரியாகப் பட்ட இடத்திலேயே முறிந்தது. மிஞ்சியது மூன்றாவது தடி.

வில்லுக்கு முதுகு உண்டு, வயிறு உண்டு. எய்பவரை நோக்கி இருப்பது வயிறு. அந்தப் பக்கம் சுரண்டலாம், செதுக்கலாம். வெளியே பார்த்திருப்பது முதுகு. வில் வளையும்போது முதுகின் நார்கள்தான் இழுபடும். அதனால் பட்டையை உரித்ததும் என்ன மேனி தெரிகிறதோ அதை அப்படியே விட்டுவிட வேண்டும். நார் ஓர் இடத்தில் அறுந்தால் அங்கிருந்து வாய் பிளக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கொட்டகையின் விட்டத்தில் வில்லைக் கட்டி, நாணைக் கீழே இழுத்துக்கொண்டு அவன் என்னைத்தான் கூப்பிடுவான். வில்லின் இரண்டு பாதிகளையும் அவன் கை என்றுதான் சொல்வான்.

"ஏய் படிச்ச புள்ள, தள்ளி நின்னு பாரு. எந்தக் கை வெறைப்பா நிக்குது?"

"இடது கை, அண்ணே."

"நெசமாவா, சும்மா சொல்றியா?"

"இடதுதான். வலது மட்டும் வளையுது."

அவன் இடது பக்கத்து வயிற்றை உடைந்த சீசாச் சில்லால் கொஞ்சம் சுரண்டுவான். மறுபடி கட்டுவான், மறுபடி இழுப்பான், மறுபடி என்னைக் கேட்பான். இரண்டு கைகளும் ஒன்றுபோல வளைந்த மாலையில் நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தொடாமலே அந்த வில்லை நானும் செய்தேன் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் அது அழகாக இல்லை. மரம் எப்படி வளர்ந்ததோ அப்படியே இருந்தது வில். நடுவுக்குச் சற்று மேலே பக்கவாட்டில் ஒரு கோணல். அந்தக் கோணலுக்கு அருகே முதுகில் ஒரு கணு. கணுவைச் சுற்றி மேனி வீங்கினாற்போல் ஒரு மேடு. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

வண்டிக்கார மாடசாமி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னா வேலு, வில்லு செய்யிறியா, சாரைப்பாம்பைப் புடிச்சுக் காயப்போட்டிருக்கியா?"

"பாம்புன்னா கடிக்கும்லா. எட்டி நில்லு."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே வாரம் பாசார் சந்தையில் ரோசலினைச் சந்தித்தேன். என்னோடு படித்தவள், கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவின் மகள். கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் திடலில் அம்பு விடுவதைப் பார்க்க ஆண்டுதோறும் வருவார்கள்.

"சாமி வில்லை இந்த வருசம் உங்க அண்ணன்தான் செய்யிறாராமே? அப்பா சொன்னாரு. புஸ்தகத்துல படம் இருக்குமே, அந்த மாதிரி இருக்குமா?"

"அதைவிட நல்லாயிருக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயிலிருந்து வந்துவிட்டது... பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

ஒன்பதாம் நாள், ஆயுத பூசை. பிற்பகலில் அண்ணன் மாடுகளைக் குளிப்பாட்ட ஓட்டிப் போயிருந்தான். அம்மா கோவிலில் மாவிளக்குக்கு இடித்துக்கொண்டிருந்தாள். வில் விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அதற்கு மஞ்சள் பூசிக் கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நான் குளித்துவிட்டுத்தான் தொட்டேன். இதை நினைக்கும்போது எனக்கே வியப்பாக இருக்கிறது. செய்யக் கூடாததைச் சுத்தபத்தமாகச் செய்தேன்.

அண்ணன் வைத்திருந்த அதே சில்லை எடுத்துக் கணுவின் மேட்டில் மெதுவாக இழுத்தேன். முடியிழை போல மரம் சுருண்டு வந்தது. கொஞ்சம்தான், கொஞ்சம்தான் என்று சொல்லிக்கொண்டே இழுத்தேன். மேடு அடங்கியது. கோணலின் வெளிப்பக்கத்திலும் சற்று இழுத்தேன். கோணல் போகவில்லை, குறைந்ததுபோல் தெரிந்தது. அறுபட்ட நார்களுக்கு நடுவில் ஓடம் போல ஒரு வடிவம் வெளிறித் தெரிந்தபோதுதான் கை நின்றது.

தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அந்த இடத்தில் தேய்த்தேன். அங்கு மட்டும் தேய்த்தால் தெரிந்துவிடும் என்று முழு வில்லுக்கும் தேய்த்தேன். ஓடம் மறைந்தது. வில் பளபளத்தது. சுருண்டு கிடந்த சுரண்டல்களைப் பொறுக்கி அடுப்பில் போட்டேன்.

அண்ணன் திரும்பி வந்து வில்லை இறக்கினான். வழக்கம்போலக் கட்டைவிரலால் முதுகை ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே வந்தான். கணு இருந்த இடத்தில் விரல் நின்றது.

நின்றதா? அல்லது நிற்கும் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அப்படித் தோன்றியதா?

"நல்லாத்தான் மின்னுது" என்றான்.

அவ்வளவுதான். யார் எண்ணெய் போட்டது என்று கேட்கவில்லை. அம்மா போட்டிருப்பாள் என்று நினைத்தானா? அம்மாவும் பெண்தானே, அவளும் தொடக் கூடாதே... சிவப்புத் துணி எடுத்துப் பிடி இருக்கும் நடுப்பகுதியில் சுற்றினான். அது வழக்கம். பிறகு அதே துணியைக் கணுவின் மேலும் கொண்டுபோய் இறுக்கி இறுக்கிச் சுற்றினான். அலங்காரத்துக்கா? பலவீனமான இடத்தைக் கட்டினானா? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூங்கில் ஒன்றை வெட்டியாவது அன்று மாலைக்குள் வேறு வில் செய்திருப்பான்.

மறுநாள் திடலில் கூட்டம். தைப்பூசத்துக்கு வருவதுபோலத் தள்ளுமுள்ளு. ரோசலின் குடும்பத்தோடு முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றாள். குருக்கள் வில்லைக் கையில் வாங்கியபோது என் பக்கம் சாய்ந்து, "எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணம் நான் மகிழ்ந்தேன். செய்தது சரிதான் என்று நினைத்தேன்.

முதல் அம்பு வாழையில் பாய்ந்து நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டாவது அம்பும் நின்றது. அண்ணன் கைகட்டி நின்றிருந்தான். அவன் முகத்தில் இருந்ததைப் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது அம்புக்கு நாணை இழுத்தார்...

சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த தேங்காய் ஓட்டை மிதித்தது போல. ஒடிந்த வில்லின் துண்டு தெறித்துப் பட, குருக்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரலிடுக்கில் இரத்தம் வழிந்து ஈர வேட்டியில் சொட்டியது. குலவை நின்றது. நடந்தது தெரியாமல் மேளக்காரர் மட்டும் இன்னும் சற்று நேரம் அடித்துக்கொண்டிருந்தார்.

தசமி அன்று சாமி முன்னால் இரத்தம். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வில்லின் துண்டுகளை யாரோ பொறுக்கித் துணியில் முடிந்து அன்று மாலையே கடலில் போட்டுவிட்டார்கள். அது எந்த இடத்தில் ஒடிந்தது என்று நான் பார்க்கவில்லை. கணுவிலா? வேறு எங்கேனுமா? மரம் சரியாகக் காயவில்லை என்று அண்ணனே முன்பு ஒருமுறை முணுமுணுத்திருக்கிறான். அந்த ஆண்டு மழை விடவே இல்லை. ஒருவேளை அதனாலும் இருக்கலாம். இருக்கலாம் அல்லவா? கடலைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை கோவில் மண்டபத்தில் அண்ணனை நிறுத்தினார்கள். பெண்கள் பக்கத்தில் நானும் அம்மாவும் தூணோரம் நின்றோம். தலைவர் சூலியா தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் அல்ல. குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"விரதத்துல ஏதாச்சும் கொறை வெச்சியாப்பா? உள்ளதைச் சொல்லிரு."

அண்ணன் தலைகுனிந்து நின்றான். பிறகு நிமிர்ந்து நாங்கள் இருந்த பக்கம் பார்த்தான். என்னைப் பார்த்தானா? எனக்குப் பின்னால் சாமி சந்நிதி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தானா?

"கள்ளு குடிச்சேன்" என்றான்.

"எப்ப?"

"ஏழாம் நாளு."

அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருவர், "வண்டிக்காரன்கிட்ட சாமி காரியத்தைக் குடுத்தா வேற என்னா நடக்கும்?" என்றார். யாரும் அவரை அதட்டவில்லை.

ஏழாம் நாள்... அன்று அவன் மேல் கள் வாடை வீசியது உண்மை. வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா கேட்டாள். "கள்ளுக்கடைச் சரக்கும்மா. பீப்பா ஒழுகி மேலெல்லாம் கொட்டிருச்சு" என்றான். நேரே தொட்டிக்குப் போய்த் தலை முழுகினான். நாங்கள் நம்பினோம். இப்போது எதை நம்புவது?

நான் அந்த மண்டபத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். "நான்தான் சுரண்டினேன்" என்று இரண்டு சொல். ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

கோவிலில் பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு ஒன்று தொடங்க இருந்தார்கள். அதற்கு ஆசிரியையாக என்னை வைப்பதென்று தலைவர் பேசி முடித்திருந்தார். சாமி வில்லைத் தொட்டவளிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அது என் மனதில் ஓடியது. முதலில் ஓடியதே அதுதான். பிறகுதான் மற்றச் சமாதானங்கள் வந்தன: நான் சொன்னாலும் அண்ணன் தப்பமாட்டான், பெண்ணைத் தொடவிட்டவன் என்று அவனையும் சேர்த்துத்தான் தூற்றுவார்கள், இரண்டு பெயரும் கெடும்... நல்ல சமாதானங்கள். படித்தவளுக்கு இவற்றைக் கண்டுபிடிக்கவா தெரியாது?

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் முன்னால் நடந்தான். டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு கடந்து போகும்வரை தெருவோரம் நின்றோம். அப்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நாளைக்குத் தலைவரைப் பாக்கணும்ல? வகுப்பு விசயமா. மறந்துறாத."

இது என்ன பேச்சு? எல்லாம் தெரிந்தவன் பேச்சா? ஒன்றும் தெரியாத அண்ணனின் பேச்சா? இரண்டுக்கும் பொருந்துகிறதே.

அவனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கிட்டங்கிகளில் அவன் வண்டிக்குச் சரக்கு குறைந்தது. கோவிலுக்குள் வராதே என்று யாரும் சொல்லவில்லை; அவனாகவே வராமலிருந்தான். கொஞ்ச நாளில் மாடுகளை விற்றுவிட்டுக் கடலைத் தாண்டி அக்கரையில் உள்ள பிறை என்ற ஊருக்குப் போனான். அங்கே ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை. அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அம்மா அவனோடு போய்விட்டாள்.

நான் ஆசிரியை ஆனேன்.

பலமுறை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவன் உண்மையாகவே கள் குடித்திருந்தால், தன் பாவத்தால்தான் வில் ஒடிந்தது என்று இத்தனை ஆண்டும் நம்பிக்கொண்டிருக்கிறான். நான் சொன்னால் அந்தப் பாரம் அவனுக்கு இறங்கும். குடிக்கவில்லை என்றால், நான் செய்தது அவனுக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னான். அப்படியானால் நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆகவே என் சொல்லுக்குப் பயன் இருப்பது முதல் வழியில்தான். எது உண்மை என்று தெரியாததால் பேசாமலிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். தெரியாது என்பதே எனக்கு வசதியாக இருக்கிறது. தெரிந்துகொண்டால் ஏதாவது செய்தாக வேண்டும்...

இந்த விஜயதசமிக்கு அவன் வந்தான்.

தசமி அன்று பிள்ளைகளுக்கு ஏடு தொடங்குவது வழக்கம். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளாக இதற்குப் பலர் என்னைத் தேடி வருகிறார்கள். டீச்சருக்குக் கைராசி என்கிறார்கள். வகுப்பு நடக்கும் கூடம் கோவில் மதிலுக்கு வெளியே இருக்கிறது. அங்கே வரிசை தெருவரை நின்றிருந்தது. அந்த வரிசையில், தோளில் ஒரு பெண் குழந்தையுடன், பிறையிலிருந்து படகில் வந்த அண்ணன்.

முன்னால் வரச் சொல்லிக் கையசைத்தேன். வரவில்லை. முறை வந்தபோதுதான் வந்தான்.

"ஒன் கையால எழுத வையி. ஒன்னய மாதிரி வரட்டும்."

குழந்தையை என் மடியில் இறக்கினான். அவளுக்கு நான்கு வயதிருக்கும். தலையில் எண்ணெய் வழிய வழியப் பின்னியிருந்தாள் அவள் அம்மா. நான் குனிந்தபடியே, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டேன்.

"அண்ணே... அன்னிக்கு நெசமாவே குடிச்சியா?"

அவன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"புள்ளைங்க எழுதுற எடத்துல கேக்குற கேள்வியா இது, டீச்சரம்மா?"

சிரித்தான். நல்ல சிரிப்புதான். அதில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. மன்னிப்பு இருந்தது என்றும் சொல்ல முடியாது. வரிசையில் பின்னால் நின்றவர், "சீக்கிரம்லா, வெயில் ஏறுது" என்றார். அண்ணன் விலகி வாசலுக்கு அப்பால் போய் நின்றுகொண்டான்.

இன்னொரு முறையும் நான் சொல்லவில்லை. அதனால்தான் வீடு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் அண்ணனுக்கு எழுத்து தெரியாது. இது அச்சில் வந்தாலும் அவன் படிக்கப் போவதில்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேனோ? அவனைத் தவிர உலகத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டால் சொன்னதாக ஆகிவிடுமா?

அன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைத்தேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. எழுதிய விரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அடுத்தது என்னா, அத்தே?"

முதல் எழுத்தோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். அவள் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். எல்லா எழுத்தும் கற்றுக்கொண்ட பிறகு இவள் எதையெல்லாம் படிப்பாள், யாருக்குப் படித்துக் காட்டுவாள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. நான் அதை விரும்பினேனா, அஞ்சினேனா, அதுவும் தெரியவில்லை.

அரிசியைக் கலைத்துவிட்டு, அவள் விரலை மறுபடி பிடித்துக்கொண்டேன்.